கோவைக்குக் கார் பார்க்கப் போனோம்!

பெண் பார்க்க வெளியூர் போவதுண்டு. வீடு பார்க்கப் போவதுண்டு. நானும் என் வீட்டுக்காரரும் 2025 கார்த்திகையில் கோயம்புத்தூருக்குக் கார் பார்க்கப் போனோம். அதுவும் சாதாரணக் கார் இல்லை; இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்!

"நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு பேர் கார் எதுக்குடீ? மத்த ரெண்டு பேர் பின்னாலேயே ஓடி வரணுமா?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

இவருக்குப் பந்தயக் கார் பைத்தியம் சிறு வயதிலிருந்தே உண்டு. எங்கள் அம்பத்தூரிலிருந்து சோழவரம் அதிக தூரம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருக்கிறது. 1980-களில் அதில்தான் கார்ப் பந்தயம் நடக்கும். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது சைக்கிளில் போய், வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் புழுதியோடு வீட்டுக்கு வந்து உதை வாங்குவாராம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பந்தயத் தளம் வந்தது. அதற்குள் இவருக்கு வேலை, குடும்பம், லேத் பட்டறை என்று வந்துவிட்டன. ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

கார் இவருடைய பாலிடெக்னிக் சிநேகிதருடையது. கோவையில் பம்பு செட் உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அவரை நான் அண்ணா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். "காரை விக்கப் போறேன்டா. ஊரான் கையிலே போறதுக்கு உன் கையிலே போகட்டும். பதினெட்டு லட்சம் கொடு, போதும்" என்று அண்ணா போன் செய்தார். அன்று ராத்திரி இவர் தூங்கவில்லை.

எங்களிடம் இருந்தது பாங்க் டெபாசிட் பதினோரு லட்சம். அடுத்த வருஷம் பெண்ணின் காலேஜ் படிப்புக்கென்று போட்டது. மீதிக்கு என் நகைதான்.

"முடியாது" என்று நான் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பட்டறை முங்கிப் போயிற்று. மோட்டார் எல்லாம் சேறு. நாலாம் நாள், நாங்கள் கேட்காமலே இரண்டு லட்ச ரூபாய் அனுப்பியவர் அந்த அண்ணா. மூன்று வருஷத்தில் அடைத்தோம். வட்டி கொடுக்கப் போனபோது, "வட்டி கொடுத்தீன்னா இனிமே என் வீட்டுப் படி ஏறாதே" என்றுவிட்டார். அப்பேர்ப்பட்டவர் ஒன்று கேட்கும்போது எப்படி மறுப்பது?

"சரி, போய்ப் பார்த்துட்டாவது வருவோம்" என்று வெள்ளிக்கிழமை காலை சென்ட்ரலில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

ஜி.டி. நாயுடுவின் ஊர்

காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, திருப்பூர் என்று பார்த்துக்கொண்டே போனால் மத்தியானம் கோவை வந்துவிடுகிறது. இறங்கியதுமே காற்று வித்தியாசமாக இருந்தது. அக்கா கொடுத்த முதல் டம்ளர் தண்ணீரிலேயே சிறுவாணியின் ருசி தெரிந்தது. இரவு அரிசிம்பருப்பு சாதமும், உருக்கிய நெய்யும். சென்னையில் நானும் செய்து பார்த்திருக்கிறேன். அந்த மணம் வராது.

சனிக்கிழமை காலை அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு அழைத்துப் போனார்கள். ஜி.டி. நாயுடு குடும்பத்தினர் 2015-ல் திறந்தது. குழந்தைகளோடு கோவை போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1886-ல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியின் மாதிரி ஒன்று அங்கே நிற்கிறது. பெரிய சக்கரம் வைத்த மாட்டு வண்டியில் மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கிறது!

அந்த வண்டியை வைத்து நம் போன்ற ஒரு இல்லத்தரசியின் கதை உண்டு. 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்தா, கணவருக்குச் சொல்லாமலே, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தன் தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனாள். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்திச் சரி செய்தாளாம். வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினாளாம். உலகத்திலேயே முதன்முதலாக நெடுந்தூரம் கார்ப் பிரயாணம் செய்தது ஒரு அம்மாதான் என்று கேட்டபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

ஜி.டி. நாயுடுவின் கதையும் சுவாரஸ்யமானது. கலங்கல் கிராமத்துப் பையன். ஒரு வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிவிட்டார். கோவை ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலை செய்து, மூன்று வருஷம் காசு சேர்த்து, அதே அதிகாரியிடம் அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார் என்று சொல்வார்கள். வாங்கினவர் ஓட்டிப் பெருமையடித்துக்கொள்ளவில்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டி, யந்திர வித்தையைக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டார். பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும்.

"பாத்தியா, அவரும் செகண்ட் ஹாண்ட்தான் வாங்கியிருக்கார்!" என்றார் இவர், சந்தோஷமாக.

"ஆமாங்க. ஆனா நகையை வச்சு வாங்கலே, உழைச்சுச் சேர்த்த காசிலே வாங்கினார்" என்றேன். மேலே பேசவில்லை.

காரும் மெக்கானிக்கும்

அன்று மத்தியானம் காரைப் பார்த்தோம். போர்ஷே பாக்ஸ்டர் என்று பெயர். 2011-ல் பதிவானது. தாமரைப் பூ மாதிரி சிவப்பு. பித்தானை அழுத்தினால் துணிக் கூரை தானே மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. எஞ்சின் முன்னாலும் இல்லை, கடைசியிலும் இல்லை. சீட்டுக்குப் பின்னால் நடுவில் இருக்கிறதாம். அதனால் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி! எஞ்சினைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. ஆயில் ஊற்றும் மூடிதான் தெரியும். எங்கள் வாகன்-ஆரின் சக்தி 67 குதிரை. இதற்கு 255. ஆறு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். ஆறு விநாடியில் என்னால் காஸ் அடுப்பைக்கூடப் பற்ற வைக்க முடியாது!

இவர் கிளம்பும்போதே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். அண்ணாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இருவருக்கும் வேண்டாத வேறு ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தார். "சிநேகிதன் வண்டியை நாமே சோதிச்சா குறை சொல்ற மாதிரி இருக்கும். மூணாவது மனுஷன் சொன்னா யாருக்கும் வருத்தமில்லே" என்றார்.

அந்த மெக்கானிக் சொன்னதை நான் ஒரு பழைய கவரின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன். ஸ்கூட்டரோ, சின்னக் காரோ, யார் பழைய வண்டி வாங்கினாலும் இது உபயோகப்படும்:

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எந்த வாரம், கடைசி இரண்டு எந்த வருஷம் தயாரானது என்று காட்டும். 1418 என்றால் 2018-ம் வருஷம் பதினாலாவது வாரம். ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயதாகும், ரப்பர் இறுகிவிடும்.

வெகு நாள் ஷெட்டிலேயே நின்ற வண்டி "அதிகம் ஓடாத வண்டி" என்று சந்தோஷப்படக் கூடாது. எந்த வண்டியானாலும் நின்றால் பாட்டரி போகும், பெட்ரோல் கெடும், ரப்பர் குழாய், பட்டையெல்லாம் காய்ந்து வெடிக்கும், எலி ஒயரைக் கடிக்கும்.

இப்போது நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய வண்டி அதற்கென்று செய்யப்பட்டதல்ல. ரப்பர் பாகங்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷம். இந்தக் காருக்கு 2026-ல் முடிகிறது. அப்புறம் சோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கைமாற்ற ஃபாரம் 29, 30. பாங்க் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கு ஃபாரம் 35. இன்ஷூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் நம் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவருக்குச் சேர்ந்திருக்கும் 'நோ க்ளெய்ம் போனஸ்' நமக்கு வராது, அது அவருடையது.

அண்ணாவின் காரில் பெரிய பழுது ஏதும் இல்லை. இரண்டு வருஷமாக நின்றதால் டயர் நாலும், பாட்டரியும் மாற்ற வேண்டும். "வண்டி நல்ல வண்டிங்க. ஆனா வாங்கற காசு ஒரு காசு, வச்சிருக்கற காசு இன்னொரு காசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக்.

செட்டிபாளையம் சாலையில்

ஞாயிற்றுக்கிழமை காலை செட்டிபாளையம் போனோம். அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. 2003-ல் தொடங்கியது, 2.1 கிலோமீட்டர் நீளம். கோவையின் கார்ப் பந்தய வீரர் கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்து போனார். அவர் நினைவாக வைத்த பெயர். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். பம்பும் கிரைண்டரும் செய்கிற ஊரில் இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். யந்திரத்தோடு பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கு அதை ஓட்டிப் பார்க்கவும் ஆசை வருவது இயற்கைதானே!

ஆண்கள் இருவரும் சிவப்புக் காரில் முன்னால் போனார்கள். அக்கா தன் பழைய ஆல்டோவை ஓட்ட, நான் பக்கத்தில். வேடிக்கை என்ன தெரியுமா? ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் நாங்கள் அவர்களைப் பிடித்துவிட்டோம்! சிவப்புக் கார் தரையோடு தரையாக இருப்பதால், அடி தட்டாமல் இருக்கக் குறுக்கு வாட்டத்தில், ஆமை மாதிரி ஏற்றி இறக்கவேண்டியிருந்தது. எங்கள் ஆல்டோ 'டொக்' என்று ஏறி இறங்கிவிடும்.

சிரித்துக்கொண்டே வந்த அக்கா திடீரென்று வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் ஓரம் கட்டினார்.

"அம்மிணி, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா."

"பெங்களூர்க்காரர் ஒருத்தர் இந்தக் காரை இருபத்திரண்டு லட்சத்துக்குக் கேட்டாருங்க. இவருதான் குடுக்கலே. 'அவன் சின்னப் பையனிலிருந்து ஆசைப்பட்டவன், அவனுக்குத்தான்'னு பதினெட்டுன்னு சொல்லிப்போட்டாரு. பட்டறையிலே ஆர்டர் இல்லீங்க. ஆறு ஆளுங்களுக்கு ரெண்டு மாசச் சம்பளம் நிக்குது. அந்த நாலு லட்சம் இருந்தா…" அதற்கு மேல் அக்காவால் பேச முடியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு நானும் உண்மையைச் சொன்னேன். "அக்கா, இவர் ஆசைக்காக மட்டும் வரலே. வெள்ளத்தின்போது அண்ணா செஞ்ச உதவிக்கு, இப்போ அவருக்குப் பணமுடை போலிருக்கு, நாம வாங்கினா ஒத்தாசையா இருக்கும்னுதான் வந்தார். பொண்ணு காலேஜ் பணமும் என் நகையும் சேர்ந்தாத்தான் பதினெட்டு வரும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இவர் அவருக்காக நஷ்டப்பட வந்திருக்கிறார். அவர் இவருக்காக நஷ்டப்பட உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அழுவதா, சிரிப்பதா? இரண்டும் செய்தோம். முன்னால் போன சிவப்புக் கார் எங்களைக் காணாமல் திரும்பி வந்து ஹாரன் அடித்தது.

அன்று பந்தயம் இல்லாத நாள். வெளியில் நின்றுதான் பார்த்தோம். இவர் சோழவரத்துச் சிறுவனாக மாறி ஏதேதோ கதை சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

இரண்டு கேள்விகள்

மத்தியானச் சாப்பாடு ஆனதும், வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு நான் பேசினேன். இந்த மாதிரி விஷயத்தில் ஆண்கள் நடுவே பேசிப் பழக்கமில்லை, கை நடுங்கியது.

"அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். பேர் ஊர் தெரியாத ஒருத்தர் வந்தா, இந்தக் காருக்கு என்ன விலை சொல்வீங்க?"

அண்ணா பதில் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

இவர் பக்கம் திரும்பினேன். "என்னங்க, பேர் ஊர் தெரியாத ஒருத்தர் இந்தக் காரைப் பதினெட்டு லட்சத்துக்குத் தந்தா, பொண்ணு படிப்புப் பணத்தை எடுத்து வாங்குவீங்களா?"

கொஞ்ச நேரம் வெற்றிலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "மாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். பிறகு எல்லாம் தானாக வெளியே வந்தது. பெங்களூர்க்காரர், நின்றுபோன சம்பளம், காலேஜ் பணம், என் நகை எல்லாம். அண்ணாவுக்கு முதலில் கோபம் வந்தது. "உன் பெண்டாட்டி நகையை வச்சு எனக்கு உதவி பண்ண வந்தியாடா?" என்று இவரைப் பார்த்துக் கத்தினார். "நீ மட்டும் நாலு லட்சம் நஷ்டத்திலே எனக்குக் கொடுக்கலாமா?" என்று இவரும் கத்தினார். சண்டை முடியும்போது இருவர் கண்ணிலும் தண்ணீர். அப்போதே பெங்களூருக்குப் போன் பேசச் சொன்னோம். அதுவரைக்கும் சமாளிக்க, ஒரு மாசச் சம்பளத்துக்கு வேண்டிய தொகையைக் கைமாற்றாக அனுப்புவதாக இவர் சொன்னார். அண்ணா சிரித்தார். "வட்டி கேட்டீன்னா என் வீட்டுப் படி ஏறாதே" என்றார்.

காருக்காகக் கொடுத்திருந்தால் அது உதவியாகவும் இருந்திருக்காது, வியாபாரமாகவும் இருந்திருக்காது. நாளைக்கு ஒரு டயர் வெடித்தால்கூட, 'அவன் தலையில் கட்டிவிட்டான்' என்று ஒரு நினைப்பு எங்காவது எழுந்திருக்கும். காரை விற்றுவிடலாம், முப்பது வருஷச் சிநேகிதத்தை எந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றுவது?

அன்று சாயங்காலம் அண்ணா சாவியை இவர் கையில் திணித்தார். "வாங்கலேன்னா என்ன, ஓட்டக் கூடாதா? தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வா."

அவினாசி ரோடு மேம்பாலம் 2025 அக்டோபரில்தான் திறந்தார்கள். பத்து கிலோமீட்டர் நீளம், ஜி.டி. நாயுடு பெயரையே வைத்திருக்கிறார்கள். கூரையைத் திறந்துவிட்டு அதில் போனோம். ஸ்பீடு பிரேக்கர் இல்லை. காற்று தலைமுடியைப் பிய்த்தது. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இவர் வேகமாக ஓட்டவில்லை. பின்னால் வந்த ஆம்னி வேன்கூட எங்களை முந்திக்கொண்டு போயிற்று. "ஏங்க, இன்னும் கொஞ்சம் வேகமாப் போகலாமே" என்று நானே சொன்னேன்! "வேண்டாம். சீக்கிரம் பாலம் முடிஞ்சுடும்" என்றார்.

ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். அக்கா கட்டிக் கொடுத்த கச்சாயம் அம்பத்தூர் வரை மணந்தது.

மார்கழியில் கார் பெங்களூர் போய்விட்டது. சம்பள பாக்கி தீர்ந்தது. எங்கள் கைமாற்றும் திரும்பி வந்தது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் இவர் வாகன்-ஆரை முன்னைவிட அக்கறையாகத் துடைக்கிறார். "இதுதான் சரியான கார். நாலு பேரும் உட்காரலாம், என் முட்டியும் மடங்கும்" என்கிறார் மாமியார்.

சகோதரிகளே! சொந்தக்காரர், சிநேகிதர் என்று யாரிடமாவது நிலமோ, நகையோ, வண்டியோ வாங்க நேர்ந்தால் அந்த இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்டுவிடுங்கள். விற்பவரிடம், "அந்நியருக்கு என்ன விலை?" வாங்குபவரிடம், "அந்நியர் விற்றால் வாங்குவாயா?" இரண்டு பதிலும் ஒத்துப்போனால் தாராளமாக வாங்குங்கள். ஒத்துப்போகாவிட்டால், வண்டியை விட்டுவிட்டு மனுஷரை வைத்துக்கொள்ளுங்கள்!